செர்சி சொன்ன ஒரு மாதம்: கேம் ஆஃப் த்ரோன்ஸ் எந்தத் திருப்பத்தில் வழி தவறியது?

நெடுவழி

"மறுபடியும் ஒருத்தன் எட்டாவது சீசனைத் திட்ட வந்துவிட்டான்" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். திட்டத்தான் வந்திருக்கிறேன், ஆனால் ஆரம்பிக்கும் இடம் வேறு.

போன மாதம் முதல் எபிசோடிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். ராபர்ட் அரசர் வின்டர்ஃபெல்லில் வந்து இறங்குகிறார். இறங்கியதும் தன் பழைய காதலி லியானாவின் கல்லறைக்குப் போக வேண்டும் என்கிறார். ராணி செர்சிக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாதமாகப் பயணம் செய்து வந்திருக்கிறோம், செத்தவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டுமே என்கிற மாதிரி ஏதோ சொல்கிறாள். 2011-ல் பார்த்தபோது அந்த வசனத்தில் செர்சியின் பொறாமை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இந்த முறை அந்த "ஒரு மாதம்" காதில் விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

என் கட்சி இதுதான். இந்தத் தொடரின் கதையை ஓட்டியதே தூரம். செர்சியின் தம்பி டிரியன் வடக்கு எல்லைச் சுவரைப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்புகிறான், வின்டர்ஃபெல் பிரபு நெட் ஸ்டார்க்கின் மனைவி கேட்லின் தலைநகர் கிங்ஸ் லேண்டிங்கிலிருந்து வடக்கே திரும்புகிறாள். இரண்டு பேருக்கும் ஒரே நெடுஞ்சாலை, ராத்தங்க ஒரே சத்திரம். அந்தச் சத்திரத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறாள், அதிலிருந்து போர் மூள்கிறது. பயணத்துக்கு நாள் கணக்கே இல்லாத நாடாக இருந்தால் அவர்கள் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய உதாரணம் பாலம். முதல் சீசன் ஒன்பதாவது எபிசோடில் நெட் ஸ்டார்க்கின் தலை உருண்டதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே எபிசோடில் இன்னொரு காட்சி உண்டு. நெட்டின் மகன் ராப்பின் படை ஆற்றைக் கடக்க வேண்டும், பாலம் வால்டர் ஃப்ரே கிழவன் கையில். வழிவிடக் கூலியாக ராப் தன் பெண்களில் ஒருத்தியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறான் கிழவன். மூன்றாவது சீசனில் அந்தக் கல்யாண வீட்டில் ஓடிய ரத்தம் முழுக்க இந்த ஒரு ஆற்றிலிருந்து வந்தது. ஆற்றைக் கடப்பது சிரமம் என்று கதை நம்பியதால்தான் அந்தச் சாவுகளுக்கு அவ்வளவு கனம்.

இப்போது ஏழாவது சீசன் ஆறாவது எபிசோடுக்கு வாருங்கள். சுவருக்கு அப்பால், உறைந்த ஏரி நடுவில், பிணப்படை சூழ, நெட்டின் மகனாக வளர்ந்த ஜானும் கூட்டாளிகளும் மாட்டிக்கொள்கிறார்கள். கூட்டாளி ஜெண்ட்ரி சுவரோரக் கோட்டையான ஈஸ்ட்வாட்ச் வரை ஓடுகிறான். அங்கிருந்து தூதுக் காக்கை தெற்கே டிராகன்ஸ்டோன் தீவுக்குப் பறக்கிறது. அங்கே இருக்கும் டிராகன் ராணி டெனேரிஸ் உடை மாற்றிக்கொண்டு மூன்று டிராகன்களோடு வந்து சேர்கிறாள். பார்க்கிற நமக்கு இவ்வளவும் ஒரே ராத்திரி மாதிரி இருக்கிறது. கேள்வி எழுந்தபோது இயக்குநர் ஆலன் டெய்லர், நேரக் கணக்கு கொஞ்சம் மங்கலாக இருப்பது தெரிந்தேதான் செய்தோம் என்கிற பொருளில் ஒரு பேட்டியில் சொன்னார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பாலம் வரும் எபிசோடை இயக்கியவரும் இதே ஆலன் டெய்லர்தான்.

எட்டாவதில் சரணடைந்த மணி அடித்ததும் டெனேரிஸ் ஊரை எரித்தாள், நெட்டின் இன்னொரு மகன் பிரான் ராஜாவானான், இதெல்லாம் நோயின் அறிகுறி. நோய் வந்தது ஈஸ்ட்வாட்ச் காக்கையில்தான்.

காக்கை விடு தூது

என் பெயரை இழுத்துவிட்டதால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சூழ்ச்சிக்கார மந்திரி லிட்டில்ஃபிங்கர் எப்போது தூரத்தை மதித்தான்? இரண்டாவது சீசனிலேயே அவன் தலைநகரில் இருப்பான், ரென்லி முகாமில் இருப்பான், ஹாரன்ஹால் கோட்டையில் செர்சியின் அப்பா டைவினோடு இருப்பான். அப்போதே அவனிடம் ஜெட் விமானம் இருக்கிறது என்று சிரித்தோமே தவிர யாரும் டிவியை உடைக்கவில்லை. ஆறாவது சீசன் கடைசி எபிசோடில் டெனேரிஸின் ஆலோசகர் வேரிஸ் தெற்குக் கோடி டோர்னில் பேரம் பேசுகிறார், அதே எபிசோடின் முடிவில் கடலுக்கு அப்பால் மெரீனிலிருந்து கிளம்பும் டெனேரிஸின் கப்பலில் நிற்கிறார். அந்தக் கடைசிக் காட்சிக்கு நாமெல்லாம் எழுந்து நின்று கை தட்டினோம். நான் தட்டினேன், நீங்களும் தட்டியிருப்பீர்கள்.

காட்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதாக யாரும் சத்தியம் செய்யவில்லை. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று வாரம் போயிருக்கலாம். தொடருக்கு மூலமான புத்தகத்திலும் அப்படித்தான், ஒரு அத்தியாயம் முன்னால் நடக்கும், அடுத்தது பின்னால் நடக்கும். கதை பிடித்திருந்தால் நாள் கணக்குப் பார்க்க மாட்டோம். பிடிக்காமல் போனதும்தான் ஸ்கேலும் மேப்பும் வெளியே வருகிறது.

நெடுவழி

வேரிஸ் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். கை தட்டினேன்.

ஆனால் வேரிஸ் சீக்கிரம் வந்ததால் யாருடைய உயிரும் பிழைக்கவில்லை. ஏரிக் காட்சியில் அந்த வேகம்தான் ஆறேழு பேர் உயிரைக் காப்பாற்றுகிறது. ஒருவன் எங்கே எப்போது வந்தான் என்பது ஓரமாக நடந்தால் விட்டுவிடலாம். "உதவி நேரத்துக்கு வருமா" என்பதே காட்சியின் கேள்வியாக இருக்கும்போது கடிகாரத்தை ஒளித்துவைப்பது போங்கு ஆட்டம்.

ஆறாம் புத்தகம் எப்போ

தூரம் தூரம் என்று புகழ்கிறீர்கள். அந்தத் தூரம் புத்தகங்களை என்ன பாடு படுத்தியது என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா?

முதல் மூன்று புத்தகங்கள் 1996, 1998, 2000. அவ்வளவு வேகம். அதன்பின் கதையில் ஐந்து வருடம் தாண்டி, பிள்ளைகள் வளர்ந்ததும் மறுபடி தொடங்கலாம் என்றுதான் ஆசிரியர் மார்ட்டின் திட்டம் வைத்திருந்தார். எழுதிப் பார்த்தார், சரிவரவில்லை, தூக்கிப் போட்டார். அந்த ஐந்து வருடத்தை நடந்தே கடக்க வேண்டியதாகிவிட்டது. நான்காவது 2005-ல், ஐந்தாவது 2011-ல். ஆறாவதுக்கு நான் பெயர் மாற்றிக்கொண்டு காத்திருக்கிறேன்.

நான்காவது புத்தகத்தில் வீராங்கனை பிரியென் நெட்டின் மகள் சான்சாவைத் தேடி அலைகிறாள். சான்சா அங்கே இல்லை என்று வாசகனுக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். ஆனாலும் அவள் தேடுகிறாள், சேற்றில், மழையில், சத்திரம் சத்திரமாக. ஐந்தாவதில் டிரியன் படகில் போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான். டோர்னிலிருந்து ஒரு இளவரசன் பாதி உலகத்தைக் கடந்து டெனேரிஸைப் பெண் கேட்டு வருகிறான். கடைசியில் டிராகனின் நெருப்பில் கருகிச் சாகிறான். மெரீனில் யார் யார் எந்த வரிசையில் வந்து சேர வேண்டும் என்ற சிக்கலை அவிழ்க்கவே ஆசிரியருக்கு வருடக்கணக்கில் ஆனது. மெரீன் முடிச்சு என்று அவரே அதற்குப் பெயர் வைத்தார்.

எனக்கு நான்காவது புத்தகம் உயிர். போர் முடிந்த ஊர் எப்படி இருக்கும் என்பதை அதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. ஆனால் நெடுவழி சொல்லும் வழியிலேயே போயிருந்தால் தொடரும் இன்னும் பாதி வழியில் நின்றிருக்கும். தொடரை எழுதிய பெனியாஃபும் வைஸும் முடித்தார்கள். மோசமாக முடித்தார்கள், ஆனால் முடித்தார்கள். அதற்காக அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

சும்மா ஒருத்தன்

அப்படிப் போடுங்க.

நெடுவழி

இது வலிக்கிற இடம். நான்காவது புத்தகத்தில் பிரியென் பகுதியை நானும் தாண்டித் தாண்டித்தான் படித்தேன். இரண்டாவது முறைதான் பிடித்தது.

எல்லோரும் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. செர்சியின் இரட்டைச் சகோதரனும் காதலனுமான ஜேமியும் பிரியெனும் போனது என்ன மாதிரி பயணம் என்று பாருங்கள். இரண்டாவது சீசன் பின்பாதியில் கிளம்புகிறார்கள், மூன்றாவது சீசன் கடைசி எபிசோடில் தலைநகர் சேர்கிறார்கள். நடுவில் அவன் கை போகிறது. ஹாரன்ஹால் குளியல் தொட்டியில் பைத்தியக்கார அரசனை ஏன் கொன்றேன் என்று முதன்முறையாக ஒருத்தியிடம் சொல்கிறான். தலைநகருக்குள் நுழையும்போது தெருவில் போகிறவனுக்குக்கூட அவனை அடையாளம் தெரியவில்லை. ஊர் போய்ச் சேர ஒரு சீசன் ஆனதால்தான் ஜேமியால் வேறு ஆளாகச் சேர முடிந்தது. எட்டாவதில் அதே ஜேமி வின்டர்ஃபெல்லிலிருந்து செர்சியிடம் திரும்புகிறான். பிரியெனின் காதலைத் துறந்து போகிறவன் வழியில் என்ன நினைத்தான்? தெரியாது. வழியே இல்லை.

ஹோடர் ரசிகை

ஜேமியை விடுங்கள். நான் இந்த இழைக்குள் வந்தது டெனேரிஸுக்காக.

மணிகள் அடிக்கும் அந்த எபிசோட் வந்தது 2019 மே மாதம். நம்மூர் நேரத்துக்குத் திங்கள் காலை 6.30. பார்த்துவிட்டு வேலைக்குப் போய், நாள் முழுக்க யாரிடமும் பேசப் பிடிக்காமல் இருந்தது. "அவள் எரிப்பாள் என்று முதல் சீசனிலிருந்தே தெரியும்" என்று இப்போது எல்லோரும் ஞானிகள் ஆகிவிட்டார்கள். எனக்கு நினைவிருப்பது வேறு.

நான்காவது சீசன் கடைசி எபிசோட். ஒரு ஆட்டிடையன் துணி மூட்டையோடு சபைக்கு வருகிறான். மூட்டைக்குள் ஆட்டின் எலும்பு இல்லை, அவனுடைய மகளின் கரிந்த எலும்புகள். மூன்று வயதுக் குழந்தை. டிராகன் எரித்துவிட்டது. டெனேரிஸ் என்ன செய்தாள்? தான் பெற்ற பிள்ளைகள் மாதிரி வளர்த்த இரண்டு டிராகன்களைப் பாதாள அறைக்குள் கூட்டிப்போய், தன் கையாலேயே கழுத்தில் சங்கிலி மாட்டிவிட்டு, அவை கத்தக் கத்தக் கல்லை மூடிவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தாள். ஒரு குழந்தைக்காக. இந்தப் பெண்தான் நாலு சீசன் கழித்து, சரணடைந்துவிட்ட ஊரின் மேல் தெருத் தெருவாகப் பறந்து எரிக்கிறாள். மாற முடியாது என்று நான் சொல்லவில்லை. மனிதர்கள் அதைவிடக் கேவலமாகவெல்லாம் மாறுகிறார்கள். அந்த ஆட்டிடையனின் மூட்டை அவள் மனதிலிருந்து எப்போது விழுந்தது என்று எனக்குக் காட்டியிருக்க வேண்டும்.

கண்ணகி மதுரையை எரித்தபோதுகூட முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று தீயிடம் சொல்லி அனுப்பினாள். கோபத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. இங்கே அந்தக் கணக்கே இல்லை.

சும்மா ஒருத்தன்

கண்ணகியை இதற்குள் இழுக்க வேண்டாம், அங்கே தப்பு செய்தது ராஜா, இங்கே எரித்ததே ராணி.

"தெரியும்" என்று சொன்ன ஞானிகளில் நானும் ஒருவன். வரிசையாகச் சொல்கிறேன். முதல் சீசனில் சூனியக்காரியை உயிரோடு சிதையில் கட்டி எரித்தாள். இரண்டாவதில் கார்த் நகர வாசலில் நின்று ஊர்களைக் கொளுத்துவேன் என்று கத்தினாள். அதே சீசன் முடிவில் துரோகம் செய்தவர்களை இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள், தோழியையும் சேர்த்து. மெரீனில் 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தாள். ஏழாவதில் டார்லி அப்பனையும் மகனையும் மண்டியிடாததற்காகச் சாம்பலாக்கினாள். இத்தனைக்கும் நாம் விசில் அடித்தோம். செத்தவர்கள் கெட்டவர்கள் என்று நமக்குச் சொல்லப்பட்டதால் அடித்தோம். கடைசியில் கேமராவை எரிகிறவர்கள் பக்கம் திருப்பி வைத்து, "இப்போது அடி விசில்" என்று கேட்டார்கள். எனக்கு அது பிடித்தது. தைரியமான வேலை.

அந்த வருடம் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது இதற்குத்தான் கிடைத்தது என்பதையும் ஓரமாகப் போட்டுவிடுகிறேன்.

காக்கை விடு தூது

எம்மி கொடுத்த அதே வருடம் எட்டாவது சீசனை மறுபடி எடுக்கச் சொல்லி 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்தும் போட்டார்கள். இரண்டாலும் எதுவும் நிரூபணமாகாது. (நான் கையெழுத்துப் போடவில்லை. ஒரு கலைஞனிடம் போய் வேறு மாதிரி பாடு என்று மனு கொடுப்பது அசிங்கம்.)

எடிட்டிங் டேபிள்

ஒரு வாரமாக இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்கிறேன். எடிட்டிங் அறையில் உட்கார்ந்து பிழைக்கிறவன், அந்தக் கோணத்தில் கொஞ்சம்.

ஹோடர் ரசிகையும் சும்மா ஒருத்தனும் ஒரே விஷயத்தின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். விதை போடப்பட்டிருக்கிறதா என்றால், ஆமாம், நிறையவே. ஆனால் விதையை எண்ணிக் காட்டினால் மரம் வளர்ந்ததாக ஆகாது. மணி எபிசோடை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மணி அடிக்கிறது. டெனேரிஸின் முகம், அருகில், கொஞ்ச நேரம். மூச்சு வாங்குகிறது, உதடு கோணுகிறது, தூரத்தில் அரண்மனை. டிராகன் எழும்புகிறது. அதன்பின் அந்த எபிசோட் முடியும்வரை அவள் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. நெட்டின் இளைய மகள் ஆர்யா ஓடுகிறாள், தாயும் மகளும் கருகுகிறார்கள், டிரியன் நிற்கிறான், ஜான் திகைக்கிறான். மேலே ஒரு நிழல் மட்டும் போகிறது.

படமாக்கத்தில் அது அபாரம். மிகுவல் சபோச்னிக் சாதாரண ஆள் இல்லை. தெருவில் சாகிறவனுக்கு டிராகன் மேல் உட்கார்ந்திருப்பவளின் முகம் தெரியாது, அதனால் நமக்கும் தெரியாது. ஆனால் இந்தக் கதை பிறந்த முறைக்கே அது எதிரானது. புத்தகத்தில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு பெயர் இருக்கும், அந்த ஆளின் மண்டைக்குள்ளிருந்துதான் எல்லாவற்றையும் பார்ப்போம். ஜேமி ஒரு சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளியவன். அவன் தலைக்குள் நம்மைக் குடியேற்றிய பின்தான் அவனை நம்மால் மன்னிக்க முடிந்தது. டெனேரிஸ் விஷயத்தில் மிகக் கொடிய முடிவை எடுக்கும் அந்த நிமிடத்தில், எட்டு சீசனாக நாம் குடியிருந்த வீட்டிலிருந்து நம்மை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அடுத்து பணம். இதை யாரும் பேசவில்லை. முதல் சீசனில் பட்ஜெட் கையைக் கடித்தது. டிரியன் கலந்துகொள்ளும் முதல் பெரிய போர் ஞாபகம் இருக்கிறதா? ஞாபகம் இருக்காது. போர் தொடங்குமுன் அவன் தலையில் அடிபட்டு மயங்கிவிடுவான், கண் திறக்கும்போது போர் முடிந்திருக்கும். காசு இல்லாததற்கு எழுத்தில் கண்டுபிடித்த தீர்வு அது. அந்த சீசனில் சில எபிசோடுகள் நீளம் குறைவாக வந்துவிட்டன, நிரப்ப வேண்டும், செலவும் ஆகக் கூடாது. ஒரு அறை, இரண்டு பேர், ஒரு மேசை. அப்படித்தான் ராபர்ட்டும் செர்சியும் தங்கள் தோற்றுப்போன கல்யாணத்தைப் பற்றி மது குடித்துக்கொண்டே பேசும் காட்சி வந்தது. புத்தகத்தில் அது கிடையாது. முதல் சீசனில் எனக்கு ஆகப் பிடித்த காட்சி அதுதான். கட்டாயத்தில் பிறந்த குழந்தை!

பின்னால் பணம் கொட்டியது. எட்டாவது சீசன் போருக்கு 55 ராத்திரி படப்பிடிப்பு. எந்த நிறுவனமும் டிவிக்கு அதுவரை செய்யாத வேலை என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு பேரை ஒரு மேசையில் உட்காரவைக்க அந்தக் கடைசி எபிசோடுகளில் நேரம் இல்லை. எட்டாவதில் எல்லோருக்கும் பிடித்த எபிசோட் எது என்று கேளுங்கள். இரண்டாவது என்பார்கள். போருக்கு முந்தின ராத்திரி, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள், பிரியெனுக்கு ஜேமி வீரப்பட்டம் கொடுக்கிறான். மீண்டும் ஒரு அறை, நாலு நாற்காலி.

எபிசோட் எண்ணிக்கையைப் பற்றி ஒரே வரி. முதல் ஆறு சீசனும் பத்துப் பத்து, ஏழாவது ஏழு, எட்டாவது ஆறு. மொத்தம் 73. சேனல் இன்னும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தது, வேண்டாம் என்றது எழுதியவர்கள்.

ஹோடர் ரசிகை

"குடியிருந்த வீட்டிலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்." ஐந்து வருடமாக நான் சொல்லத் தெரியாமல் தவித்தது இதுதான். நன்றி அண்ணா.

மையிருட்டு

என் பெயரைப் பார்த்ததும் தெரிந்திருக்கும், நான் எட்டாவது சீசன் மூன்றாவது எபிசோட் பாதிக்கப்பட்டோர் சங்கம். 82 நிமிடம். திரைச்சீலையை இழுத்து மூடி, டியூப்லைட்டை அணைத்து, டிவியின் வெளிச்சத்தை ஏற்றி, கடைசியில் நான் பார்த்தது கண்ணாடியில் என் முகத்தைத்தான். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், பலர் டிவியைச் சரியாக வைக்கத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். இருக்கலாம் சார். நாங்கள் ஏழைகள்.

இருட்டை மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது போர் வியூகம். கல்லெறியும் பொறிகளைக் காலாட்படைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். டோத்ராகி குதிரைப்படையை எதிரி எங்கே என்றே தெரியாத இருட்டுக்குள் அனுப்பினார்கள். (வாள்கள் பற்றி எரிந்து, பிறகு ஒவ்வொன்றாக அணைந்ததே, அந்த ஒரு நிமிடம் உடம்பு சிலிர்த்தது. அழகுக்காக ஒரு இனத்தையே பலி கொடுத்தார்கள்.)

அப்புறம் ஆர்யா. பிணப்படையின் தலைவனான இரவு அரசனை அவள் கொன்றதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அதற்குப் போட்ட முடிச்சைப் பாருங்கள். மூன்றாவது சீசனில் நெருப்புக் கடவுளின் பூசாரி மெலிசாண்ட்ரே ஆர்யாவிடம், நீ மூடப்போகும் கண்களைப் பார்க்கிறேன் என்று பழுப்பு, நீலம், பச்சை என்ற வரிசையில் சொல்கிறாள். எட்டாவதில் அதை நினைவூட்டும்போது வரிசை மாறி நீலம் கடைசிக்கு வந்துவிடுகிறது. யார் கொல்ல வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு, பழைய வசனத்தைத் தேடிப்பிடித்துத் தைத்திருக்கிறார்கள். தையல் வெளியே தெரிகிறது.

ஆறாம் புத்தகம் எப்போ

அந்த இரவு அரசன் புத்தகத்தில் கிடையவே கிடையாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பழங்கதையில் அதே மாதிரி பெயரில் ஒருவன் உண்டு, அது வேறு ஆள். பனியை ஒரு தலைவனாக்கி அவனுக்கு ஒரு முகம் கொடுத்தது தொடர். ஹார்ட்ஹோமில் அவன் கையைத் தூக்கி, செத்தவர்களை எழுப்பினானே, அது உலகத்தரம். ஆனால் தலைவன் என்று ஒருவன் வந்துவிட்டாலே அவனைக் குத்தினால் எல்லாம் முடிந்தது என்ற முடிவும் கூடவே வந்துவிடும். குளிர்காலத்தைக் கத்தியால் குத்த முடியுமா?

புதுசா பார்த்தவள்

வணக்கம். இங்கே எழுதவே பயமாக இருக்கிறது. நான் முழுத் தொடரையும் சமீபத்தில்தான் பார்த்தேன், ஒரே மாதத்தில், பிரசவ விடுப்பில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு முடிவு பிடித்திருந்தது.

நீங்கள் சொல்லும் வேகம் எனக்கு உறுத்தவே இல்லை. ஏழாவது முடிந்த மறுநாள் எட்டாவது. உங்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட 20 மாதம் இடைவெளி இருந்ததாக என் தம்பி சொன்னான். அந்த 20 மாதத்தில் நீங்களெல்லாம் ஆளுக்கொரு எட்டாவது சீசனை மனதில் எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வந்தது அதில் எதுவும் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்கும் புரியவில்லை. ஷிரீன். சிம்மாசனத்துக்குப் போட்டியிடும் ஸ்டானிஸின் படை பனியில் மாட்டி, குதிரைகள் செத்து, சாப்பாடு தீர்ந்து, கடைசியில் பெற்ற மகளை எரிக்கச் சம்மதிக்கிறானே, அதைப் பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை. அவனை வெறுத்தேன். ஆனால் எப்படி அந்த இடத்துக்கு வந்தான் என்று ஒவ்வொரு அடியும் தெரிந்திருந்தது. டெனேரிஸ் எரித்தபோது அழுதேன், ஆனால் நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று இப்போது இதைப் படித்தபின்தான் யோசிக்கிறேன்.

நெடுவழி

பயப்படாதீர்கள், இந்த இழையில் எங்கள் எல்லோரையும்விட நல்ல உதாரணத்தை நீங்கள்தான் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஸ்டானிஸைத் தோற்கடித்தது யார்? எதிரி ராம்சே பிறகு வந்தான். முதலில் தோற்கடித்தது சுவருக்கும் வின்டர்ஃபெல்லுக்கும் நடுவில் இருந்த வழி. அது ஐந்தாவது சீசன், புத்தகத்தைத் தாண்டிப் போக ஆரம்பித்துவிட்ட நேரம். ஆக, புத்தகம் தீர்ந்ததால்தான் கெட்டது என்ற வாதமும் முழுதாக நிற்காது.

ஆறாம் புத்தகம் எப்போ

ஷிரீன் சாவு மார்ட்டின் அவர்களுக்கு முன்கூட்டியே சொன்ன விஷயங்களில் ஒன்று. பிரானைச் சுமக்கும் ஹோடரின் பெயர்க் காரணமும் அப்படித்தான், பிரான் முடிசூடுவதும் அப்படித்தான் என்கிறார்கள். சேரும் ஊர் மூன்றுக்கும் அவரே சொன்னது. முதல் இரண்டுக்கும் வழியும் போட்டார்கள், அதனால் நெஞ்சை உடைத்தன. மூன்றாவதுக்கு டிரியன் எழுந்து, பிரானை விட நல்ல கதை யாரிடம் இருக்கிறது என்று ஒரு பிரசங்கம் செய்தான். ஐந்தாவது சீசன் முழுக்கப் பிரான் திரையிலேயே வரவில்லை என்பது அவனுக்கு யாரும் சொல்லவில்லை போல.

சரி நெடுவழி, உங்கள் கட்சிக்குக் கால்வாசி வந்துவிட்டேன். மீதி முக்கால்வாசி ஆறாவது புத்தகம் வந்தபின்.

சும்மா ஒருத்தன்

நான் வரவில்லை. கேமராவைத் திருப்பியதுதான் சரி என்ற கட்சியிலேயே இருக்கிறேன். ஹோடர் ரசிகை சொன்ன ஆட்டிடையன் காட்சியை மட்டும் நேற்று மறுபடி பார்த்தேன். என் பட்டியலில் அதைச் சேர்க்காமல் விட்டது நியாயமில்லை.

நெடுவழி

ஒரு சின்னக் கவனிப்பு. நேற்று வேடிக்கைக்காக முதல் சீசனின் தொடக்க இசையையும் எட்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். முதலில் வரைபடம் முழுக்க விரியும், கேமரா கடலைத் தாண்டிப் பறக்கும், ஒவ்வொரு ஊரும் பல்சக்கரத்தோடு எழும்பும். கதை எங்கெல்லாம் நடக்கிறது, எவ்வளவு தள்ளி நடக்கிறது என்று வாராவாரம் நமக்குப் பாடம் எடுத்தார்கள். எட்டாவதில் கேமரா உடைந்த சுவரிலிருந்து கிளம்பி, வின்டர்ஃபெல்லுக்குள்ளும் கிங்ஸ் லேண்டிங்குக்குள்ளும் அறை அறையாக நுழைந்து சிம்மாசனத்தில் போய் நிற்கிறது. கதை சுருங்கிய இடத்துக்கு வரைபடமும் சுருங்கிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது. ஊர்களுக்கு நடுவில் இருந்த வெறும் நிலம்தான் காணோம்.

இரண்டாவது சீசனில் ஹாரன்ஹால் வரை வந்திருக்கிறேன். ஆர்யா டைவினுக்கு மது ஊற்றுகிறாள். புத்தகத்தில் அவள் வேலை செய்தது ரூஸ் போல்டனிடம், இந்தக் கூட்டணி தொடரின் சொந்தச் சரக்கு. அவளும் வீட்டுக்குப் போக முடியவில்லை, அவரும் ராப் எங்கே என்று தெரியாமல் வரைபடத்தை முறைத்துக்கொண்டிருக்கிறார். எடிட்டிங் டேபிள் சொன்ன அதே ஒரு அறை, ஒரு மேசை.

காக்கை விடு தூது

நானும் இன்று ராத்திரி முதல் எபிசோடிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்களை ஹாரன்ஹாலில் வந்து பிடிக்கிறேன், அதுவரை அங்கேயே இருங்கள். ஏழாவது சீசன் காக்கை இல்லை, முதல் சீசன் காக்கை. வந்து சேர நாளாகும்.